வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச நாய்

"என்ன பண்ணாலும் அசையாதுங்க, அவ்ளோ சாது." நாய் வளர்க்கிறவங்க நடுவுல இதைவிடப் பெரிய பாராட்டு இல்ல. நகம் வெட்டினாலும் அசையாது, ஊசி போட்டாலும் அசையாது, குழந்தை மேல ஏறி உட்கார்ந்தாலும் அசையாது. மின்னி எங்ககிட்ட வந்தப்போ, அதுவரைக்கும் அவளைப் பார்த்துக்கிட்டவங்க அவளைப் பத்திச் சொன்ன முதல் விஷயமே இதுதான். வளர்ந்த நாயாத்தான் வந்தா, நாலஞ்சு வயசு இருக்கலாம்னு டாக்டர் பல்லைப் பார்த்துட்டு சொன்னார். அந்த "அசையாது"ங்கிற வார்த்தை அன்னிலேர்ந்து என்னை உறுத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா அவ அசையாம இருக்கிறதை நான் பக்கத்துல நின்னு பார்த்திருக்கேன்.

முதல் செக்கப் அப்போ ஸ்டீல் டேபிள் மேல தூக்கி வெச்சாங்க. டாக்டர் காதைத் திருப்பிப் பார்த்தார், வாயைத் திறந்தார், தெர்மாமீட்டர் வெச்சார், ஒரு உறுமல் கூட இல்ல. என்ன சமத்துப்பா இதுன்னு அங்க நின்னவங்க எல்லாரும் சொன்னாங்க. நான் பார்த்தது வேற. வாய் இறுக்கி மூடியிருக்கு, காது ரெண்டும் பின்னாடி ஒட்டியிருக்கு, தலை சுவர் பக்கம் திரும்பியிருக்கு ஆனா கண்ணு மட்டும் டாக்டரோட கையை விட்டு நகரல, அதனால ஓரத்துல வெள்ளை முழி தெரியுது. நாக்கு நுனி மட்டும் வெளிய வந்து மூக்கைத் தொட்டுட்டு சட்டுனு உள்ள போயிடுது. கீழ இறக்கினதுக்கு அப்புறம் டேபிள் மேல நாலு பாதமும் ஈரமா அச்சு விட்டிருந்துச்சு. நாய்க்கு உள்ளங்கால்ல வேர்க்கும், பதட்டத்துல இன்னும் ஜாஸ்தியா வேர்க்கும். உடம்புல கை வெச்ச இடத்துல எல்லாம் முடி கொத்துக்கொத்தா கொட்டியிருந்துச்சு. தரையில கால் பட்டதும் தலையில ஆரம்பிச்சு வால் நுனி வரைக்கும் ஒரு உதறு உதறினா பாருங்க, நனைஞ்சா உதறுமே அதே உதறு, உடம்புல ஒரு சொட்டு தண்ணி இல்லாம.

அந்த டாக்டர் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, நல்ல மனுஷன், மென்மையான கை. அங்க நின்ன எல்லாருக்குமே நாய்னா உசுரு. அதுதான் என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. இவ்ளோ பிரியமானவங்க அத்தனை பேரு சுத்தி நின்னும் அந்த உடம்பு கத்திக்கிட்டு இருந்ததை யாரும் கேக்கலையே. பயந்த நாய் ஓடும், இல்லைன்னா கடிக்க வரும், இல்லைன்னா அப்படியே உறைஞ்சு போய் நிக்கும். முதல் ரெண்டையும் பயம்னு சொல்றோம், மூணாவதுக்கு மட்டும் சமத்துன்னு பேர் வெச்சுட்டோம்.

இந்த உறைஞ்சு போறதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சா எல்லா வழியும் கடைசியில 1967க்குத்தான் போகுது. மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர்னு ரெண்டு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர்கள், நாய்களை வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. இன்னிக்கு யாரும் அனுமதிக்க மாட்டாங்க, அனுமதிக்கவும் கூடாது. ஒரு கூட்டம் நாய்களுக்கு ஷாக் வரும்போது தலையால பக்கத்துப் பலகையை அழுத்தினா நின்னுடும். இன்னொரு கூட்டத்துக்கு அதே அளவு ஷாக், ஆனா என்ன பண்ணாலும் அதுவா நின்னாத்தான் உண்டு. அப்புறம் எல்லா நாயையும் தாழ்வான ஒரு தடுப்பு இருக்கிற பெட்டியில விட்டாங்க, ஒரு தாவு தாவினா தப்பிச்சுடலாம். முதல் கூட்டம் தாவிடுச்சு. ரெண்டாவது கூட்டத்துல பெரும்பாலான நாய்கள் தாவவே முயற்சி பண்ணல, அங்கேயே படுத்து வாங்கிக்கிச்சு. இதுக்கு அவங்க கொடுத்த விளக்கம், "நான் என்ன பண்ணாலும் ஒண்ணும் மாறப் போறதில்ல"ங்கிறதை அந்த நாய்கள் கத்துக்கிச்சுங்கிறது.

இதுவரைக்கும் நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு முக்கியமாப் பட்டது அதுக்கு அப்புறம் நடந்தது. கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு, 2016ல, அதே ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க, நாங்க அன்னிக்கு சொன்ன விளக்கம் தலைகீழ்னு. நடுவுல வந்த மூளை ஆராய்ச்சி எல்லாம் காட்டினது என்னன்னா, அடங்கிப் போறதை யாரும் கத்துக்கிறதில்ல, தொடர்ந்து கஷ்டம் வந்தா மூளை தானாவே போய் நிக்கிற இடம் அதுதான். கத்துக்க வேண்டியது அதுக்கு எதிரானதை. "நான் ஒண்ணு பண்ணினா அதுக்கு ஒரு பலன் இருக்கு"ங்கிற அனுபவம் கிடைச்சா, அது அந்த அடங்கிப் போறதை அமுக்கிடும். இதைப் படிச்சதுல இருந்து மின்னியைப் பார்க்கிற விதமே எனக்கு மாறிடுச்சு. அவளுக்கு தைரியம் வரவைக்கணும், பழக்கணும், சரி பண்ணணும்னு எல்லாம் யோசிக்கிறதுக்கு முன்னாடி, அவ பண்ற ஏதாவது ஒரு சின்ன விஷயத்துக்கு உலகம் பதில் சொல்லணும். அதை எங்க ஆரம்பிக்கிறதுன்னு பார்த்தப்போ நகம்தான் கண்ணுல பட்டுச்சு, ஏன்னா அது அவசரம் இல்ல, வீட்லயே பண்ணலாம், அவளுக்குப் பிடிக்காதுன்னும் நல்லாத் தெரியும்.

துண்டு மேல ஒரு தாடை

முறை புதுசு இல்ல. மிருகக்காட்சி சாலைகள்ல பெரிய பெரிய மிருகங்களை மயக்க ஊசி போடாம ரத்தம் எடுக்கிறதுக்கு ரொம்ப நாளா இப்படித்தான் பண்றாங்க, நாய் ட்ரெய்னர்கள் பல பேர் இதை வீட்டு அளவுக்குக் கொண்டு வந்திருக்காங்க. நான் தரையில உட்கார்ந்து முட்டி மேல ஒரு துண்டை மடிச்சுப் போட்டுக்குவேன். மின்னி அவளா வந்து தாடையை அதுல வெச்சா, "ஆரம்பிக்கலாம்"னு அர்த்தம். தாடையை எடுத்துட்டா, என் கை அந்த நொடியே நிக்கும். அவ்ளோதான் ஒப்பந்தம். எடுத்ததுக்காக முகம் சுளிக்கிறது, "வா வா"ன்னு கூப்பிட்டு கெஞ்சுறது, கழுத்துப் பட்டையைப் பிடிச்சு இழுக்கிறது எதுவும் கிடையாது. சிக்கன் துண்டு ஒரு கிண்ணத்துல என் பக்கத்துல இருக்கும், இன்னொரு கிண்ணம் கொஞ்சம் தள்ளி தரையில இருக்கும், அதை அவ எப்ப வேணா போய் சாப்பிடலாம், அதுக்கு எந்த வேலையும் பண்ண வேண்டாம். இது எனக்கு ரொம்ப முக்கியம். பசியை ஒரு பக்கம், பயத்தை ஒரு பக்கம் வெச்சுட்டு எது வேணும்னு கேக்கிறதுக்குப் பேரு சாய்ஸ் இல்ல. சாப்பாட்டை மூக்குக்கு முன்னாடி ஆட்டிக்கிட்டே காரியத்தை முடிச்சுட்டு, பாருங்க விருப்பப்பட்டு பண்ணுதுன்னு வீடியோ போடறதைப் பார்க்கிறப்ப எல்லாம் எனக்கு மனசு ஒப்பல.

தாடை வைக்கிறது சீக்கிரம் வந்துடுச்சு, எடுக்கிறதுதான் வரல. கேக்க வினோதமா இருக்கும், ஆனா அதுதான் நடந்துச்சு. தாடையை வெச்சதும் நான் பாதத்தைத் தொட்டா, அவ அப்படியே இறுகிடுவா, மூச்சு மேலோட்டமா ஆகிடும், ஆனா தாடை துண்டை விட்டு எழும்பாது. எடுக்கலாம்ங்கிறது அவ கணக்குலயே இல்ல. அதனால அவ உடம்பு இறுகினாலே நான் கையை எடுத்துட ஆரம்பிச்சேன், வாய் மூடினா கையை எடுத்துடுவேன், பாதம் ஒரு நூல் அளவு பின்னாடி இழுத்தா எடுத்துடுவேன். வாரக்கணக்கா இதேதான் போச்சு.

அப்புறம் ஒரு சாயங்காலம் நெயில் கட்டரை எடுத்து நகத்துல லேசா தொட்டு மட்டும் காமிச்சேன், வெட்டல. தாடை எழும்புச்சு. ஒரு விரல்கடை உயரம் இருக்கும். என் கை இருந்த இடத்துலயே நின்னுடுச்சு. அவ கட்டரைப் பார்த்தா, என் கையைப் பார்த்தா, அப்புறம் என் முகத்தைப் பார்த்தா. ரெண்டடி தள்ளிப் போய் ஒரு உதறு உதறிட்டு துண்டோட ஓரத்தை மோந்து பார்த்தா. நான் ஒண்ணும் பேசல. திரும்பி வந்து தாடையை வெச்சா. தொட்டேன், உடனே எடுத்துட்டா. நிறுத்தினேன். வெச்சா, தொட்டேன், எடுத்தா, நிறுத்தினேன். சோதிச்சுப் பார்க்கிறா! இது நிஜமாவே வேலை செய்யுதான்னு திரும்பத் திரும்ப பரிசோதனை பண்றா, கட்டர் நகர்றதுக்கும் நிக்கிறதுக்கும் காரணம் தான்தான்னு ஒரு நாய் கண்டுபிடிக்கிறதை நான் ரெண்டடி தூரத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கேன். போகப் போக வாய் லேசா திறந்துச்சு, புருவத்துக்கு நடுவுல இருந்த சுருக்கம் போயிடுச்சு. அதுவரைக்கும் தாடை துண்டு மேல பட்டும் படாமத்தான் இருக்கும், கழுத்தை அவளே தாங்கிக்கிட்டு இருப்பா. கடைசியில வெச்சப்ப முழு கனத்தையும் இறக்கினா, தலையோட மொத்த எடையும் என் முட்டியில உக்காந்துச்சு. அன்னிக்கு ஒரு நகம் கூட வெட்டல. எழுந்து போய் கட்டரை டிராயர்ல வெச்சுட்டு நான் பாட்டுக்கு அழுதேன்.

வேண்டாம்னு சொன்னா நிக்கும்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் அவ சரின்னு சொல்றதுக்கு ஒரு அர்த்தம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி அவ சம்மதிச்சது எதுவும் சம்மதம் இல்ல.

தலையில ஏறிக்கும்னு சொல்றவங்களுக்கு

எங்க மாமா நாய்களோடவே வாழ்ந்த மனுஷர், அவர் வந்திருந்தப்போ இதை முழுசா உட்கார்ந்து பார்த்தார். "ஏம்பா, அது வேணாம்ங்குது, நீ நிறுத்துற. நாளைக்கு உன் தலையில ஏறிக்கும். நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும்." அக்கறையோடதான் சொன்னார். நான் அவருக்கு ஓநாய் கதையைச் சொன்னேன். இந்தத் தலைவன் கதைக்கு மூலம் 1947ல ருடால்ஃப் ஷெங்கல்ங்கிறவர் எழுதினது, சுவிட்சர்லாந்துல பாசல் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வெச்சிருந்த ஓநாய்களைப் பார்த்து. 1970ல டேவிட் மெக்னு ஒரு அமெரிக்க ஓநாய் ஆராய்ச்சியாளர் எழுதின புத்தகம் வழியா, கூட்டத்துத் தலைவனைக் குறிக்கிற ஆல்ஃபாங்கிற வார்த்தை உலகம் முழுக்கப் பரவுச்சு. அதே மெக் அதுக்கப்புறம் கனடாவோட வடகோடியில எல்ஸ்மியர் தீவுல வருஷக்கணக்கா காட்டு ஓநாய்களோட இருந்து பார்த்துட்டு, 1999ல எழுதினார்: காட்டுல ஓநாய்க் கூட்டம்ங்கிறது பெரும்பாலும் ஒரு அம்மா, ஒரு அப்பா, அவங்க பிள்ளைங்க, இதுல சண்டை போட்டு ஜெயிச்ச தலைவன்னு யாரும் இல்ல. தன் பழைய புத்தகத்தை அச்சிடறதை நிறுத்தச் சொல்லி பதிப்பாளர்கிட்ட அவரே கேட்டுக்கிட்டு இருந்தார். அமெரிக்காவுல விலங்கு நடத்தைக்கான கால்நடை மருத்துவர்கள் சங்கம் 2008லயே ஆதிக்கம் காட்டிப் பழக்கிற முறையை எதிர்த்து அறிக்கை விட்டுடுச்சு, 2021ல இன்னும் தெளிவா, வலி பயம் இல்லாத பயிற்சி மட்டும்தான்னு சொல்லிடுச்சு.

மாமா கேட்டுக்கிட்டார். "சரி, பலன் இருக்கா?"ன்னார். நியாயமான கேள்வி. 2020ல போர்ச்சுகல்ல 92 வீட்டு நாய்களை வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, பரிசு கொடுத்துப் பழக்கிற பள்ளிகள்ல இருந்தும், திட்டு, இழுப்புன்னு கண்டிப்பாப் பழக்கிற பள்ளிகள்ல இருந்தும். கண்டிப்பு அதிகமா இருந்த இடத்து நாய்கள் பயிற்சி நேரத்துல நிறைய உதட்டை நக்குச்சு, கொட்டாவி விட்டுச்சு, பயிற்சி முடிஞ்சப்புறம் உமிழ்நீர்ல கார்டிசால்ங்கிற பதட்ட ஹார்மோன் அதிகமா இருந்துச்சு. அதோட ஒரு கிண்ணச் சோதனை வெச்சாங்க. அறையோட ஒரு பக்கம் வைக்கிற கிண்ணத்துல சாப்பாடு இருக்கும், மறுபக்கம் வைக்கிறதுல இருக்காதுன்னு நாய் கத்துக்கும். அப்புறம் நடுவுல ஒரு கிண்ணத்தை வைப்பாங்க. இருக்கும்னு நம்பி ஓடுதா, இருக்காதுன்னு தயங்கித் தயங்கிப் போகுதான்னு நேரம் பார்ப்பாங்க. கண்டிப்பு அதிகம் வாங்கின நாய்கள் தயங்குச்சு. பயிற்சிப் பள்ளியில நடக்கிறது பயிற்சிப் பள்ளியோட நிக்கல, நடுவுல இருக்கிற கிண்ணத்தைப் பத்தி அது என்ன நம்புதுங்கிற அளவுக்குப் போகுது. எனக்கு அது ரொம்ப வலிச்சுது.

இதுக்காக எல்லாத்தையும் நாய் முடிவு பண்ணட்டும்னு நான் சொல்ல வரல. ரோட்டுல லீஷ் போடணுமா வேண்டாமாங்கிறதுல அவளுக்கு ஓட்டு கிடையாது. எதையாவது விஷத்தை முழுங்கிட்டா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓட வேண்டியதுதான், பிடிச்சு வெச்சு வைத்தியம் பண்ண வேண்டியதுதான். அப்படி ஒரு நாள் வந்தா அந்தத் துண்டு மட்டும் அந்த அறைக்குள்ள வராது. துண்டு இருந்தா நிறுத்துவேன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன், அதை அவசரத்துக்குன்னு ஒரு தடவை மீறினாலும் திரும்ப முதல்ல இருந்துதான்.

மூக்கு போற பக்கம்

நகத்துல ஆரம்பிச்சது வாக்கிங்குக்கும் வந்துடுச்சு. தெரு முனையில நான் நின்னுடுவேன், இடது பக்கமா வலது பக்கமான்னு அவ மூக்கு முடிவு பண்ணும். முதல்ல என் முகத்தையே பார்த்துக்கிட்டு நிப்பா, இப்ப நிக்கிறதே இல்ல. ஒரு செடியோட அடியில எவ்ளோ நேரம் மோந்தாலும் இழுக்கிறதில்ல. இதையும் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, 2019ல ஷார்லட் டுரான்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ரெண்டு பேர், ஒரு குழு நாய்களுக்கு ரெண்டு வாரம் தினமும் மோந்து தேடற விளையாட்டு, இன்னொரு குழுவுக்கு காலோட ஒட்டி நடக்கிற பயிற்சி. அதே மாதிரி கிண்ணச் சோதனையில மோந்து தேடின குழுதான் நடுக் கிண்ணத்துக்கு முன்னைவிட வேகமாப் போச்சு. மோந்து தேடறப்ப எங்க போகணும்னு நாயே முடிவு பண்ணுது, அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு அவங்களே சொல்றாங்க.

தடவிக் கொடுக்கிறதுலயும் இதேதான். மூணு செகண்ட் தடவிட்டு கையை எடுத்துடுவேன். வேணும்னா வந்து ஒட்டிக்குவா, மூக்கால கையைத் தட்டுவா. வேண்டாம்னா தலையைத் திருப்பிக்குவா. இடி இடிக்கும்போது பாத்ரூம் மூலைக்குப் போயிடுவா, கதவைத் திறந்து வெச்சுட்டு வாசல்ல உட்கார்ந்துக்குவேன், பக்கத்துல வந்தா அணைச்சுக்குவேன். ஆறுதல் சொன்னா பயம் அதிகமாகும்னு இன்னும் நிறைய பேர் நம்பறாங்க, பயம் ஒரு உணர்ச்சி, அணைச்சுக்கிட்டதுக்காக யாரும் கூடுதலாப் பயப்பட மாட்டாங்க.

இதுல நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்னு ஒண்ணு இருக்குன்னா அது உறுமல். உறுமினதுக்கு நாயை அடிக்காதீங்க, திட்டாதீங்க. உறுமறதுக்கு முன்னாடியே அது தலையைத் திருப்பிப் பார்த்திருக்கும், உதட்டை நக்கியிருக்கும், கொட்டாவி விட்டிருக்கும், எழுந்து தள்ளிப் போயிருக்கும், எதையும் நாம கவனிக்காததாலதான் சத்தமாச் சொல்லுது. அந்தச் சத்தத்தையும் புடுங்கிட்டா பயம் அப்படியேதான் இருக்கும், எச்சரிக்கை மட்டும் போயிடும். "திடீர்னு கடிச்சிடுச்சு"ன்னு சொல்ற கதைகள்ல எத்தனையோ கதை இப்படி வந்ததுதான். குழந்தை நாய் மேல படுத்துக்கிட்டு காதை இழுக்கிற வீடியோவுக்கு எல்லாரும் ஹார்ட் போடறாங்க, நான் அந்த நாயோட முழியைத்தான் பார்ப்பேன், ஓரத்துல வெள்ளை தெரியுதான்னு. தயவு செஞ்சு அந்தக் குழந்தையைத் தூக்குங்க, நாய் பொறுத்துக்கிறதை நம்பி ஒரு குழந்தையை விடாதீங்க.

வலது பின்னங்கால்

நகம் விஷயம் இப்ப எங்க இருக்குன்னு சொல்லிடறேன். முன்னங்கால் ரெண்டும் நிதானமா வெட்டிக்கிறா, ஒரு உட்காருக்கு ரெண்டு மூணு நகம். இடது பின்னங்காலும் ஒத்துக்கிட்டா. வலது பின்னங்கால் மட்டும் கையில எடுத்து லேசா பின்னாடி நீட்டினாலே தாடை எழும்பிடும், ஒவ்வொரு தடவையும். கட்டரே கையில இல்லாதப்பவும் எழும்புது. முதல்ல பழைய அனுபவம் ஏதோ அந்தக் கால்ல இருக்கு போலன்னு நினைச்சேன், இன்னும் மெதுவாப் போனேன், இன்னும் சின்னச் சின்னதாப் பிரிச்சேன், மாறவே இல்ல. மத்த மூணு கால்ல அவ்ளோ நம்பிக்கையா தலையைச் சாய்ச்சுக்கிறவ இதுல மட்டும் ஏன் இவ்ளோ உறுதியா வேண்டாங்கிறா?

2020ல டேனியல் மில்ஸ்ங்கிற விலங்கு நடத்தை மருத்துவரும் அவர்கூட இருந்த நிபுணர்களும் சேர்ந்து எழுதின ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நடத்தைப் பிரச்சனைன்னு அவங்ககிட்ட அனுப்பப்பட்ட கேஸ்கள்ல, குறைச்சுச் சொன்னாலும் மூணுல ஒரு பங்குல ஏதோ ஒரு வலி சம்பந்தப்பட்டிருக்குன்னு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், துண்டையும் எடுத்துக்கிட்டு. டேபிள் வேண்டாம், தரையிலயே பார்க்க முடியுமான்னு கேட்டேன், உடனே உட்கார்ந்துட்டார். தாடை வெச்சா பண்ணுங்க, எடுத்தா நிறுத்துங்கன்னு சொன்னேன், "ஓ, இது நல்லா இருக்கே"ன்னுட்டு அப்படியே பண்ணார். இடது இடுப்பை மடக்கி நீட்டினார், தாடை இருந்துச்சு. வலது இடுப்பை நீட்டினார், எழும்பிடுச்சு. கொஞ்சம் இடைவெளி விட்டு திரும்பப் பார்த்தார், அதே கோணத்துல திரும்ப எழும்புச்சு. எக்ஸ்ரேயில வலது இடுப்பு மூட்டுல தேய்மானம் ஆரம்பிச்சிருக்கிறது தெரிஞ்சுது. முதல் செக்கப்ல இதே இடுப்பை இவரேதான் மடக்கி நீட்டிப் பார்த்தார், அப்ப அவ அசையல.

வலிக்கு மாத்திரை ஆரம்பிச்சிருக்கோம், எடை கொஞ்சம் குறைக்கணும், வழுக்கற தரையில எல்லாம் மேட் போட்டாச்சு. அந்தக் கால் நகத்தை இப்போதைக்கு காலை நீட்டாம, அவ ஒருக்களிச்சுப் படுத்திருக்கும்போது கால் எப்படி இருக்கோ அப்படியே வெச்சு ராவி விடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். ராவற பலகை வாங்கி வெச்சிருக்கேன், இன்னும் அதை மோந்து பார்க்கிற கட்டத்துலதான் இருக்கா.